பார்வையற்ற நாயகனைப் படைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர், தயாரிப்பாளர், மற்றும் படத்தை இப்போது வெளியிட்டிருக்கும் ஓடிடி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பார்வையற்ற இளைஞன் ஒருவன் காதலியைத் தேடி அலையும் உங்கள் நகைச்சுவைப் படத்தைத் திரையரங்கில் கேட்டேன். எனக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. படத்தில் ஒலி விளக்கம் (திரையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்குச் சொல்லும் குரல்) இல்லை என்று பலரும் உங்களுக்கு எழுதிவிட்டார்கள். "பரிசீலிக்கிறோம்" என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். ஓடிடிக்கு வந்த பிறகும் அது இல்லை. ஆகவே ஒரே ஒரு காட்சியைப் பற்றிப் பேசுகிறேன்.

நாயகன் ஒரு பெண்ணை முதன்முதலாகச் சந்திக்கும் உணவகக் காட்சி. அவன் தன் சிறுவயதுக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். திடீரென்று அரங்கம் சிரிக்கிறது. அவன் தொடர்ந்து பேசப் பேசச் சிரிப்பு கூடுகிறது. எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கதையில் அப்படியொன்றும் வேடிக்கை இல்லை. பக்கத்திலிருந்த தங்கையிடம் கேட்டேன். "அவ எப்பவோ எழுந்து போயிட்டாண்ணா, இவன் காலி நாற்காலிகிட்ட பேசிட்டிருக்கான்" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பேசாம படத்தைப் பாருங்க."

நாயகனை ஏமாற்றிய அதே நிமிடத்தில் என்னையும் ஏமாற்றிவிட்டீர்கள். அவராவது அதற்குச் சம்பளம் வாங்கிய நடிகர். நான் டிக்கெட் வாங்கியவன்.

இத்தனைக்கும், எதிரில் இருப்பவர் எழுந்து போனால் பெரும்பாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். நாற்காலி நகரும், உடை சரசரக்கும், காலடிச் சத்தம் விலகிப் போகும். இரைச்சலான இடத்தில் சில நேரம் ஏமாறுவோம்தான்; அப்போது நாங்களே சிரித்துக்கொள்வோம். உங்கள் உணவகத்திலோ இரைச்சலே இல்லை. நகைச்சுவை நிற்க வேண்டும் என்பதற்காக நாற்காலி ஓசையைக்கூட ஒலித்தடத்திலிருந்து துடைத்துவிட்டீர்கள். எனக்கிருந்த ஒரே வழியும் அதுதான்.

ஒலி விளக்கம் இருந்தால், வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் திரையில் நடப்பதை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லும். வேண்டாதவர்கள் அணைத்துவைத்துக்கொள்ளலாம். "அவள் ஓசைப்படாமல் எழுந்து போகிறாள்." நான்கே சொற்கள். அந்தக் காட்சிக்கு அவ்வளவு போதும். தயவுசெய்து படத்துக்கு ஒலி விளக்கம் சேருங்கள்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ், பார்வையற்ற நாயகனைக் கொண்ட 'டேர்டெவில்' தொடரை வெளியிட்டபோது இதே குறைதான். பார்வையற்ற ரசிகர்கள் குரல் கொடுத்தார்கள். அந்த மாதமே ஒலி விளக்கம் வந்துவிட்டது. திரைப்படங்கள் எங்களுக்கும் அணுகத்தக்க வடிவில் கிடைக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு 2006லேயே சொல்லியாயிற்று. நீங்கள் இன்னும் பரிசீலிக்கிறீர்கள்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனாலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பழகிய மறுநாளே முகத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இருப்பதாக யார் சொன்னது? நான் அப்படிச் செய்தால் அறைதான் விழும். உண்மையான வேடிக்கை வேண்டுமென்றால் டேட்டிங் செயலிப் பக்கம் வாருங்கள். விவரிப்பே இல்லாத புகைப்படங்கள், பெயரிடாத பொத்தான்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடர் "படம், பொத்தான், படம், பொத்தான்" என்று மந்திரம் ஓதும். எந்தப் பொத்தான் விருப்பம், எது நிராகரிப்பு என்று தெரியாமல் மனத்துக்குப் பிடித்தவளை நானே தள்ளிவிட்டிருக்கலாம். இதை வைத்து நீங்கள் முழுப்படமே எடுத்திருக்கலாம். கதை எழுதும்போது எங்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். அதற்குப் பதில் நாயகனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தீர்கள்.

சரி, கோபத்தில் பேச்சு எங்கேயோ போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கை ஒன்றே: ஒலி விளக்கம். எழுதி முடித்ததும், வெளியிடுவதற்கு முன் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். அந்த வேலைக்கு உரிய ஊதியமும் கொடுங்கள். அடுத்த படத்துக்காவது இந்தச் செலவை முதல்நாள் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

பதில் அனுப்புவதானால் தயவுசெய்து எழுத்தாகவே அனுப்புங்கள். போன முறைபோல் அறிக்கையைப் படக்கோப்பாக வெளியிட்டால், என் ஸ்க்ரீன் ரீடர் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
உங்கள் படத்துக்கு டிக்கெட் வாங்கிய ஒருவன்