ஒன்று போனால் இன்னொன்று

ஆசிரியருக்கு,

எங்கள் தோட்டப் பாடசாலையில் தரம் 11 பிள்ளைகள் சிலர், விண்கலத்தில் ஓர் உணரி பழுதானால் மற்றது எப்படிக் கைகொடுக்கும் என்று மாதிரி செய்திருக்கிறார்கள். ஜாம் போத்தலுக்குள் இரண்டு வெப்ப உணரிகள். ஒன்றின் வயரைப் பிடுங்கினால் அடுத்தது உடனே வேலையை ஏற்கிறது. ‘இது சோதனைக்கு வருமா?’ என்று கேட்டார் ஒரு பெற்றோர்!

செவ்வாயில் பறந்த சிறு ஹெலிகொப்டரான இன்ஜெனுவிட்டியின் சாய்வுமானி 2022இல் செயலிழந்தபோது, வேறு வேலைக்கு வைத்திருந்த, வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளைக் கொண்டே சாய்வைக் கணித்து மறுபடி பறக்கவிட்டார்கள். 2016இல் ஸ்கியாபரெல்லி என்ற தரையிறங்கு கலம் அதே செவ்வாயில் மோதி நொறுங்கியதோ, ஓர் உணரி ஒரு விநாடியளவு தடுமாறியதைக் கணினி அப்படியே நம்பியதால்.

சரி, மலையில் இருக்கும் எங்களுக்கு என்ன? 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மண்சரிவு பற்றி விழிப்பாயிருக்கச் சொல்கிறார்கள். எங்கள் பாடசாலை மழைமானியோ, புனலில் சருகு அடைத்து, கொட்டும் மழையிலும் பூச்சியம் காட்டியது. பக்கத்தில் இரண்டாவதை வைத்ததும் அதே பிள்ளைகள்தான், யோகட் கோப்பையில். 2014இல் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தையை மறக்காத அதிகாரிகள் பாடசாலைக்கு இரண்டு நல்ல மழைமானிகளாவது தரட்டும்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹப்புத்தளை