கரையைக் கடந்த புயலும் கணவாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதை குறித்து வெளியான பயணக் கட்டுரையை ஆவலுடன் படித்தேன். அந்தப் பாதையில் பல நாள் நடந்தவன் என்பதால், மனாங் ஊரின் மண்கூரை வீடுகளைப் படத்தில் கண்டதும் மனம் நெகிழ்ந்தது. ஆனால் அக்டோபரில் சென்றால் வானிலையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருந்த வரியை அப்படியே விட்டுவிட என்னால் இயலவில்லை. தீபாவளி விடுமுறையை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து இமயமலைக்குக் குழுக்கள் புறப்படும் காலம் இது என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பருவமழை விலகிய பிறகு அக்டோபரில் நேபாள வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும் என்பது உண்மைதான். மலையேறுபவர்கள் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். எனினும் வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் மாதமும் அதுவே என்பதைக் கடற்கரை மாநிலத்துக்காரர்களான நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தபோது, நம் பக்கம் வராமல் போய்விட்டது என்று நாமெல்லாம் பெருமூச்சு விட்டோம். வலுவிழந்த அந்தப் புயலின் ஈரக்காற்று வடக்கே நகர்ந்து, கடற்கரையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அன்னபூர்ணா, தௌலகிரி மலைகளில் மோதிப் பெரும் பனியாகக் கொட்டியது இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 14 அன்று. அன்னபூர்ணா சுற்றுப்பாதையிலுள்ள தொராங் லா கணவாயை அன்று கடக்க முயன்ற பயணிகள், வழிகாட்டிகள், சுமை தூக்கும் தொழிலாளர்கள், யாக் மேய்ப்பவர்கள் என அந்த வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலர் இறந்தது கணவாயைத் தாண்டி முக்திநாத் பக்கம் இறங்கும் சரிவில் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

கணவாயைக் கடக்கும் அந்த ஒரு நாள் பயணத்தின் மற்ற நாள்களைப் போன்றதல்ல என்பதை அங்கு செல்லாதவர்களுக்கு விளக்க வேண்டும். அதுவரை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஊரோ விடுதியோ வந்துகொண்டிருக்கும். மழை வந்தால் ஒதுங்கலாம், தலைவலித்தால் தங்கிவிடலாம். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் தொராங் பெடி என்னும் இடத்தில் இரவு தங்கிவிட்டு, விடியுமுன்னரே புறப்பட்டு, 5,416 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து, அன்று மாலைக்குள் ஏறத்தாழ 1,600 மீட்டர் இறங்கி முக்திநாத்தை அடைய வேண்டும். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி அளவுதான். முற்பகலுக்குப் பிறகு கணவாயில் காற்று வலுத்துவிடும் என்பதால்தான் அதிகாலை நான்கு மணிக்கே கிளம்புகிறார்கள். பாதி வழியில் பனி பிடித்துக்கொண்டால் முன்னே போவதா, திரும்புவதா என்பதை நின்று நிதானமாக யோசிக்கும் தெம்பு உடலுக்கும் இருக்காது, மூளைக்கும் இருக்காது. ஆகவே அந்த முடிவைப் பெடியில், கையில் சூடான தேநீர்க் கோப்பை இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

எங்கள் குழு சில ஆண்டுகளுக்கு முன் இதே அக்டோபரில் பெடியை அடைந்தபோது பதினொரு பேர் இருந்தோம். முந்தைய நாள் வரை வெயில். அன்று மாலை நான்கு மணிக்கு மேல் தெற்கேயிருந்து மெல்லிய மேகத்திரை ஒன்று படர்ந்து, சூரியனைச் சுற்றிப் பால்நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. எங்கள் வழிகாட்டி ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசமாட்டார். விடுதி வாசலில் நின்று வெகுநேரம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவு மூன்று மணிக்கு நாங்கள் எழுந்து தலைவிளக்குடன் வெளியே வந்தபோது நட்சத்திரங்கள் தெரிந்தன, எல்லோருக்கும் உற்சாகம். அவர் மட்டும், தண்ணீர் உறையுமளவுக்குக் குளிர் இல்லை, இந்த உயரத்தில் இந்த மாதத்தில் விடியற்காலை இப்படி வெதுவெதுப்பாக இருப்பது சரியில்லை என்றார். எங்கள் தண்ணீர்க் குப்பிகளை முந்தைய இரவு அவர் சொன்னபடி தலைகீழாக வைத்திருந்தோம். மேற்புறம் உறைந்தாலும் வாய்ப்பகுதி அடைபடாமலிருக்க அங்கே அப்படித்தான் வைப்பார்கள். எடுத்துக் குலுக்கிப் பார்த்தோம். எதிலும் பனித்துணுக்குக்கூட இல்லை.

அவர் போக வேண்டாம் என்றார். எங்களை அழைத்துச் சென்ற ஏற்பாட்டாளரோ போயே ஆக வேண்டும் என்றார். பயணத்திட்டத்தில் ஒரு நாள்கூட உபரியாக இல்லை; காத்மண்டுவிலிருந்து திரும்பும் விமானச் சீட்டு மாற்ற முடியாத வகையைச் சேர்ந்தது; தங்கும் ஒவ்வொரு கூடுதல் இரவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று அந்த இடத்திலேயே கணக்குச் சொன்னார். உள்ளதைச் சொல்வதானால், எங்களில் பெரும்பாலோர் ஏற்பாட்டாளர் பக்கமே சாய்ந்தோம். நானும் அப்படித்தான். முக்திநாத் நமக்கு வெறும் மலையூர் அல்லவே. ஆழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் அதுதான் என்று போற்றப்படும் திவ்யதேசம். அங்குள்ள நூற்றெட்டு நீர்த்தாரைகளில் நனைய வேண்டும் என்று என் தாயார் கடைசிவரை ஆசைப்பட்டார்கள். ஒரு நாள் நடையில் இருக்கிறது, மேகத்தைக் கண்டு திரும்புவதா என்றுதான் எனக்கும் தோன்றியது. வழிகாட்டி வாதாடவில்லை. முதுகுப்பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு அடுப்பருகே போய் உட்கார்ந்துவிட்டார். அவர் இல்லாமல் போவதற்கு எவருக்கும் துணிவு வரவில்லை. ஆறரை மணிக்குப் பொடிப்பொடியாகப் பனி விழத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு முற்றத்தின் மறுகோடியிலிருந்த கழிப்பறை கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாளும் பனி நிற்காததால், சற்று ஓய்ந்த நேரம் பார்த்து மனாங்குக்கே இறங்கினோம். விமானத்தையும் தவறவிட்டோம், பணமும் போனது. பதினொரு பேரும் வீடு வந்து சேர்ந்தோம். முக்திநாத் தரிசனம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆபத்து அக்டோபரோடும் நேபாளத்தோடும் முடிவதில்லை. 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில், உத்தராகண்டின் சகஸ்திர தால் ஏரிப் பாதையில் பனிப்புயலில் சிக்கிய 22 பேர் கொண்ட குழுவில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். மீட்புக்கு விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் செல்ல வேண்டியிருந்தது. கோடைக்காலம் என்று நம்பித்தான் அவர்களும் போயிருப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து குழுக்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: உயரமான கணவாயைக் கடக்கும் பயணம் எதுவானாலும் குறைந்தது இரண்டு உபரி நாள்களைச் சேர்த்தே திட்டமிட்டு, அதற்கான செலவையும் முதலிலேயே கட்டணத்தில் காட்டிவிடுங்கள். ஆளுக்குச் சில ஆயிரம் கூடும். விலைப் போட்டியில் பின்தங்க நேரும் என்ற தயக்கமும் புரிகிறது. ஆனால் உபரி நாள் இல்லாத திட்டத்தில் வழிகாட்டியின் சொல்லுக்கு மதிப்பே இருப்பதில்லை. விமானச் சீட்டுதான் வழிகாட்டுகிறது. கணவாய் நாளன்று புறப்படுவதா இல்லையா என்பதில் உள்ளூர் வழிகாட்டியின் முடிவே இறுதியானது என்று பதிவுப் படிவத்திலேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பயணம் செல்பவர்கள், மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையத்தில் பருவகாலத்தில் நடக்கும் உயரநோய் பற்றிய விளக்கக் கூட்டத்தில் தவறாமல் உட்கார வேண்டும். பருத்தி உள்ளாடைகளை ஊரிலேயே விட்டுவிட்டுக் கம்பளி உடைகளை எடுத்துச் செல்ல வேண்டும். வியர்வையில் நனைந்த பருத்தி அந்தக் காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புயல் காலத்தில் தங்கள் நாளிதழ் வெளியிடும் வரைபடங்களும் எச்சரிக்கைகளும் மிகச் சிறப்பானவை; மீனவக் குடும்பங்கள் அவற்றை நம்பியிருப்பதை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் புயல் ஆந்திரத்திலோ ஒடிசாவிலோ கரையேறிய மறுநாள் அந்தச் செய்தி உள்பக்கத்துக்குப் போய், அதற்கடுத்த நாள் மறைந்துவிடுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மட்டுமாவது, கரையைக் கடந்த புயலின் மிச்சம் எந்தத் திசையில் நகர்கிறது, நேபாளத்திலும் உத்தராகண்டிலும் பனிப்பொழிவு எச்சரிக்கை இருக்கிறதா என்பதை அடுத்த மூன்று நாள்களுக்கு நான்கு வரிகளில் வெளியிட முடியுமானால், ஊரிலிருக்கும் குடும்பத்தினர் அதைப் படித்துவிட்டு மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வாய்ப்பிருக்கும். மனாங் வரை இப்போது தொலைபேசித் தொடர்பு கிடைக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
மதுரை.