அவரை காய்க்கத் தொடங்கிவிட்டது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

ஆடிப்பெருக்கன்று ஊன்றிய அவரை பந்தல் முழுவதும் படர்ந்தும் ஐப்பசி வரை பூக்கவில்லை என்று அம்மா குறைபட்டுக்கொண்டிருந்தாள். பகற்பொழுது சுருங்கினால்தான் பந்தல் அவரை பூக்கும். அதற்கு முன்பு எவ்வளவு எரு வைத்தாலும் கொடிதான் தழைக்கும். கார்த்திகையில் கொத்துக் கொத்தாகப் பூத்து, இப்போது நாங்கள் இருவர் உண்டு தீராத அளவுக்குக் காய்க்கிறது. அசுவினிப் பூச்சி பிடித்த நுனிகளைக் கிள்ளிவிட்டு, பனி ஈரம் காயுமுன் சாம்பல் தூவியதோடு சரி, வேறு மருந்து அடிக்கவில்லை. பறித்த கையோடு அடுப்பேறும் பிஞ்சின் மணம் சந்தைக் காய்க்கு வராது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ அடுப்பே பற்ற வைப்பதில்லை என்று அக்கா சொன்னாள். நள்ளிரவில் கடைச் சாப்பாட்டை வரவழைத்துத் தின்பது உடம்புக்கு ஆகாது. மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலிருந்தும் யாரும் பேசவில்லை.

உன் பால்கனி கிழக்குப் பார்த்தது. அங்கே விழும் காலை வெயில் கத்தரிக்கும் தக்காளிக்கும் பற்றாது, கீரைக்குப் போதும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பையில் நிரப்பு. அரைக்கீரை விதை மிகப் பொடியானது; மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. 30 நாளில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் அடித்தண்டை விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும்.

இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டுமா? விடிகாலையில் மட்டும் விரியும் பரங்கிப் பூவைத் தேடிச் சென்று, ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டு வைத்துக் காய் பிடிக்கச் செய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ. அந்தப் பிள்ளையா இன்று பகல் பத்து மணி வரை படுக்கையில் கிடக்கிறான் என்று எனக்கு ஆறவில்லை.

நான் ஓய்வு பெற்ற புதிதில், விடிந்தால் எங்கே போவதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்கிறாய். அம்மாவிடம்கூட நான் அதைப் பேசியதில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்பதற்காகவே அன்று எழுந்து கொல்லைக்குப் போனேன்; பசியும் தூக்கமும் அதன் பிறகுதான் திரும்பின. அதனால்தான் சொல்கிறேன், ஒரு பையாவது வை.

அரைக்கீரை, வெந்தயம், கொத்தமல்லி விதைகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, பெயர் எழுதி அனுப்பியிருக்கிறேன். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதை. பார்சல் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா