ஆழ்கடல் விலங்குகளும் அவற்றுக்கு ஊட்டும் நுண்ணுயிர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். இத்தகைய ஒரு பொருளுக்கு முழுப்பக்கம் ஒதுக்கியமை பாராட்டுக்குரியது. ஆயினும், அங்குள்ள புழுக்கள் நச்சு வாயுவை உண்டு வாழ்கின்றன என்றும், அவ்வுலகுக்குச் சூரியனே தேவையில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியுள்ளவை திருத்தப்பட வேண்டியவை.

1977 இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்தில், அல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் கண்ட இராட்சதக் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அது எதையும் உண்பதில்லை. அதன் உடலுக்குள் பற்றீரியாக்கள் நிறைந்த ஓர் உறுப்பு இருக்கிறது என்பதையும், உணவு ஆக்குபவை அவையே என்பதையும் 1981 இல் எடுத்துக்காட்டியவர், அப்போது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்த கொலீன் கவனோ. புழுவின் ஈமோகுளோபின் ஒட்சிசனையும், கட்டுரையாளர் நச்சு வாயு என்ற சல்பைட்டையும் வெவ்வேறு இடங்களில் பற்றிக்கொள்வதால், சல்பைட்டு புழுவைக் கொல்லாமல் உள்ளே சென்று சேர்கிறது; அதை ஒட்சியேற்றிப் பெறும் சக்தியைக் கொண்டு பற்றீரியாக்கள் காபனீரொட்சைட்டிலிருந்து சேதனப் பொருளை ஆக்குகின்றன. இப்பற்றீரியாக்கள் தாயிடமிருந்து வருவனவும் அல்ல. ஒவ்வொரு இளம் புழுவும் அவற்றை, தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரிலிருந்து, தோலின் வழியாகவே புதிதாகப் பெறுகிறது.

எல்லா விலங்குகளும் தமக்கு உணவூட்டுவோரை உடலுக்குள் வைத்திருப்பதில்லை என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெரிய குறை. நமது இந்து சமுத்திரத்திலேயே, மொரீசியசுக்குச் சொந்தமான ரொட்றிகசுத் தீவுக்குத் தென்கிழக்கே உள்ள கைரேய் ஊற்றுப் பகுதியில், ரிமிகாரிஸ் என்னும் இறால்கள் திரள்திரளாக வாழ்கின்றன. இவை பற்றீரியாக்களைத் தம் வாயுறுப்புகளிலும், பருத்து விரிந்த செவுளறையின் உட்சுவரிலும் அடர்த்தியாகச் சுமந்து திரிகின்றன. ஓடு கழற்றும்போதெல்லாம் அந்தக் குடியிருப்பு முழுவதும் போய்விடுகிறது. புதிய ஓட்டில் அது மறுபடியும் முதலிலிருந்து வளர வேண்டும். கொஸ்தாரிக்காவுக்கு அப்பால், மெதேன் கசியும் கடற்தரையில் வாழும் ஒரு நண்டோ, தன் கால்களில் வளரும் பற்றீரியாக்களுக்குப் புதிய நீர் கிடைக்கும்படி அக்கால்களை இடைவிடாது அசைத்துக்கொண்டேயிருந்து, பின்னர் வாயுறுப்பால் அப்பற்றீரியாக்களைச் சீவி உண்கிறது. வயலுக்கு நீர் பாய்ச்சி அறுவடை செய்வதைப் போன்ற இச்செயலைக் கட்டுரையாளர் தவறவிட்டிருக்கக்கூடாது.

இனி, சூரியனைப் பற்றிய கூற்று. சல்பைட்டை ஒட்சியேற்ற ஒட்சிசன் வேண்டும். மெதேனை உண்ணும் பற்றீரியாக்களைச் செவுள்களில் வைத்திருக்கும் ஆழ்கடல் மட்டிகளுக்கும் அதுவே வேண்டும். புழுவும் இறாலும் மட்டியும் தாமே சுவாசிக்கவும் வேண்டும். அந்த ஒட்சிசன், மேற்பரப்பில் சூரிய ஒளியால் நடந்த ஒளித்தொகுப்பில் உண்டாகி, குளிர்ந்து கனத்துத் தாழும் நீரோடு ஆழத்துக்குச் சென்றதாகும். ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு மெதேனை ஆக்கும் ஆர்க்கியாக்கள் (பற்றீரியாக்களிலிருந்து வேறான ஒருகல உயிர்கள்) போன்ற சில நுண்ணுயிர்களுக்கு ஒட்சிசன் தேவையில்லை என்பது மெய். ஆனால் கட்டுரையின் படங்களில் இருந்தவை விலங்குகள். அவற்றைச் சூரியனிலிருந்து முற்றாகத் துண்டித்துப் பேச இடமில்லை.

திருகோணமலைக்கு அருகே நிலத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்றின் படத்தை ஒப்புமைக்காக அருகில் இட்டதும் பொருத்தமாகத் தோன்றவில்லை. ஆழ்கடல் ஊற்றில் உணவுக்கு அடிப்படை வெப்பமன்று, அந்நீரில் கரைந்துள்ள இரசாயனப் பொருள்களே. மேலே சொன்ன மெதேன் கசியும் கடற்தரை போன்ற குளிர்ந்த கசிவிடங்களிலும் இதே வகைக் கூட்டுவாழ்வு செழிப்பதே இதற்குச் சான்று. திருகோணமலை மாணவருக்குக் கிட்டிய உதாரணம் வேண்டுமானால், கண்டல் சேற்றைக் கிளறும்போது எழும் கூமுட்டை நாற்றத்தைக் காட்டலாம். அது அதே ஐதரசன் சல்பைட்டு. உலகின் பல வெப்பவலயக் கரைகளில், கண்டல் சேற்றிலும் கடற்புல் படுகைகளிலும் புதைந்து வாழும் லூசினிட் மட்டிகள், சல்பைட்டை ஒட்சியேற்றும் பற்றீரியாக்களைத் தம் செவுள்களில் வைத்திருக்கின்றன. இந்த உறவைக் காண நீர்மூழ்கி வேண்டியதில்லை.

உயர்தர உயிரியல் மாணவர்கள் இத்தகைய கட்டுரைகளை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆகையால், மேற்கூறிய இரு கூற்றுகளுக்கும் உரிய திருத்தத்தை அடுத்த ஞாயிறு இதழில் அதே பக்கத்தில் வெளியிடுமாறும், இடமிருந்தால் இறாலையும் நண்டையும் பற்றித் தனியே எழுதுவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
திருகோணமலை.