புதிதாக மலைக்கு வரும் ஆயருக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உங்களைக் கோத்தகிரிப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து மனம் நிறைந்திருக்கிறது. இனி ஆலயத்தில் ஆயர் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்த உரிமையில் இந்த ஒரு கடிதத்தில் மட்டும் தம்பி.

உங்கள் பிரசங்கத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. குரல் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. ஆனால் சபையை மேய்க்கிற கண்காணி எப்படி இருக்கவேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இடத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் திறமுள்ளவன், என்பது அதில் ஒரு சொல்தான். சுற்றியிருப்பதில் பெரும்பாலும் குணம்: தெளிந்த புத்தி, அந்நியரை உபசரிப்பது, சண்டை பண்ணாமை, பண ஆசை இல்லாமை. மலையில் ஊர் சின்னது தம்பி. ஆயர் எந்தக் கடையில் பாக்கி வைத்தார், யார் காரில் வந்து இறங்கினார் என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எல்லா லைன் வீட்டுக்கும் போய்விடும்.

ஒரு விஷயத்தை இதுவரை நான் யாருக்கும் எழுதியதில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்தது ஞாபகம் இருக்கும். அப்போது நான் நம் சபையில் பொருளாளர். எங்கள் ஆலயத்திலிருந்து கீழ் லைனுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையும் அந்த மழையில் போய்விட்டது. 2011 ஜனவரியில், புல்லெல்லாம் பனி வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், கீழ் லைனில் ஒரு பாட்டி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். நான் சபைச் சந்தா நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆலயத்தை ஒட்டிய ஆயர் அறையான வெஸ்ட்ரிக்குப் போனேன். "பதினாலு மாசம் பாக்கி ஐயா. கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தைத் திறக்கணும், அதுதான் விதி" என்றேன்.

அப்போதிருந்த ஆயர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "முதல்ல வீட்டுக்குப் போய்ட்டு வருவோம்" என்றார். லாரி ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். வீட்டில் ஒரு கோணிச் சாக்கை விரித்தார்கள். அதில் உட்கார்ந்து அரைமணி நேரம் அவர் எதுவுமே பேசவில்லை. பாட்டியின் வீட்டுக்காரரான தாத்தா பேசிக்கொண்டே இருந்தார். "பாதை போன பிறகு அவளால் மேலே ஏறி வர முடியவில்லை, எனக்கும் கண் சரியில்லை, சந்தா எடுக்க வருகிறவரும் வருவதில்லை" என்றார். அப்புறம் தடவித் தடவி அலமாரியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பத்து ரூபாய் நோட்டுகள், மாதத்துக்கு இரண்டாக நூல் சுற்றி வைத்திருந்தன. எண்ணினேன். பதினாலு சுருள். ஒரு மாதமும் குறையவில்லை.

ஆயர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அங்கேயே நொறுங்கியிருப்பேன். அடக்கம் முடிந்து நடந்த கமிட்டியில், "அந்தப் பக்கம் நான் போகாமல் விட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன் யார் என்று அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. ஒரு வாரம் கழித்து, "வாங்க, தாத்தாவைப் பார்த்துட்டு வருவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நானே மன்னிப்புக் கேட்டேன்.

சாலொமோன் கேட்டது ஞானமுள்ள இருதயம் என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. எபிரெயுவில் அது கேட்கிற இருதயம், செவிகொடுக்கிற இருதயம். பல வருஷம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. தெரிந்த அன்று அந்தச் சாக்கு விரிப்புதான் கண்முன் வந்தது.

இந்த மலையில் சபை வேர்விட்டதும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் ஊட்டிப் பக்கம் உள்ள கேத்திக்கு வந்தது 1846-ல். முதல் படுகர் ஞானஸ்நானம் 1858-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம்! மெட்ஸ் என்ற மிஷனரி படுகர் ஊர்களான ஹட்டி ஹட்டியாக நடந்து, அந்த ஜனங்களின் பேச்சைக் கற்றுக்கொண்டு, அவர்கள் வழக்கங்களை எழுதிவைத்துக்கொண்டிருந்தார். இன்று ஒரு ஆயருக்குப் பன்னிரண்டு மாதத்தில் எண்ணிக்கை காட்டச் சொல்லி நெருக்குகிறோம். அது நம் பக்கத்துத் தவறு. உங்களையும் நெருக்குவார்கள். அவசரப்படாதீர்கள்.

பண விஷயத்தை நீட்டவில்லை. "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?" என்று சாமுவேல் முதிர்வயதில் ஜனங்கள் முன் நின்று கேட்டாரே, அதை மட்டும் மனதில் வையுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு ஆனாலும் அன்றைக்கே இரண்டு பேர் முன் எண்ணி எழுதிவிடுங்கள். உங்கள் படம் போட்டு பிளெக்ஸ் வைக்க வருவார்கள். அன்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கீழ் லைனில் இப்போது ஐந்தாறு குடும்பம்தான் இருக்கிறது. பாதையைப் பிறகு வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். வந்த வாரமே, மழை பிடிப்பதற்குள் ஒருமுறை இறங்கிப் போய் வாருங்கள். ஓடைப் பக்கம் அட்டை இருக்கும், ஒரு பொட்டலம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னால் நானும் கூட வருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி அண்ணன்