சொல்தா வீட்டு டிவி

கார்த்தி கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை, ஒரு பக்கம் குக்கர், இன்னொரு பக்கம் பாஸ்புக்கைக் காணோம் என்று உன் அப்பா. உங்கள் ஊரில் ஜனாதிபதிக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று லியோன் ஆபீசில் ஒருத்தர் கேட்டாராம், நீ "எம்.பி.க்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே பேசத் தெரியாமல் காபி எடுக்கப் போய்விட்டாயாம். பி.டெக். படித்த பிள்ளை! சரி போகட்டும், எனக்கும் இது பள்ளிக்கூடத்தில் ஏறவில்லை. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் சொல்தா தாத்தா வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்ததில்தான் ஏறியது. அதை எழுதுகிறேன், நீளமாகப் போனால் மெட்ரோவில் உட்கார்ந்து படி.

எங்கள் தெருவில் முதல் டிவி சொல்தா தாத்தா வீட்டில்தான் வந்தது. 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தவர்களில் அவர் ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன், பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய், அதனால் தெருவுக்கே சொல்தா தாத்தா. பிரான்சிலிருந்து ஒரு டிவியைச் சுமந்துகொண்டு வந்தார். அங்கே ஒளிபரப்பும் முறை வேறு, இங்கே வேறு என்பது மாடியில் ஆன்டெனா கட்டி, சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெட்டி கடைசிவரை ஸ்டெபிலைசர் வைக்கும் மேடையாகவே இருந்துவிட்டது. அதற்கப்புறம் மெட்ராஸ் டயனோரா டிவி ஒன்று வாங்கினார், மரக்கதவை இழுத்துப் பூட்டுகிற மாதிரி. சாவி அவர் வீட்டம்மா இடுப்பில், அவரைத்தான் நாங்கள் ஆயா என்போம். அந்தச் சாவிக்காகவே நாங்கள் ஆயாவுக்கு எத்தனையோ தடவை கடைக்குப் போய் வந்திருக்கிறோம்.

ஜனாதிபதி என்று ஒருத்தர் இருப்பதை நான் முதலில் கவனித்தது 1984 அக்டோபர் 31-ஆம் தேதி. எனக்கு எட்டு வயசு. இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள், தெருவே சொல்தா வீட்டுக் கூடத்தில். வெள்ளைத் தலைப்பாகையோடு ஜெயில் சிங், எதிரில் ராஜீவ் காந்தி. ஜெயில் சிங் அன்றைக்கு ஏமனில் இருந்தாராம், திரும்பி வந்து சாயங்காலமே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். உன் தாத்தா (என் அப்பா) மெதுவாகச் சொன்னார், "ஓட்டெடுப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த ஆள் கூப்பிட்டாதான் பிரதமர்." எனக்கு அது அப்போது முழுசாகப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு நாள் கணக்கில் சோக இசை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் இல்லாமல் போனதுதான் எங்கள் துக்கம், அதை வெளியே சொன்னால் முதுகில் விழும்.

1987-ல் ஆர்.வெங்கட்ராமன் நின்றபோது கூடத்தில் ஒரே குஷி. பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடம் அவருக்கு. காமராஜர் மந்திரிசபையில் தொழில் மந்திரியாக இருந்து கிண்டித் தொழிற்பேட்டையெல்லாம் கொண்டுவந்தவர் என்று உன் தாத்தாவுக்கு அவர் மேல் தனி மரியாதை. எதிர்த்து நின்றவர் நீதிபதி கிருஷ்ணய்யர், அவர் மேலும் மரியாதைதான், ஆனாலும் ஆர்.வி. "நம்ம ஆளு". ஜூலை 25 பதவியேற்பு. குதிரைப்படை வந்தது, பீரங்கி வெடித்தது, ஆயா எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். அப்போதுதான் சொல்தா தாத்தா ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார், "இவருக்கு நம்ம ஊர் எம்.எல்.ஏ. யாராவது ஓட்டுப் போட்டாங்களா?"

யாரும் போடவில்லை, கண்ணு. போட முடியாது. அப்போது ஜனாதிபதித் தேர்தலில் எம்.பி.க்களைத் தவிர மாநில எம்.எல்.ஏ.க்களுக்குத்தான் ஓட்டு. யூனியன் பிரதேசம் என்பதால் பாண்டிச்சேரி சட்டசபைக்குக் கிடையாது. ஊர் சார்பில் ஓட்டுப் போட்டவர்கள் என்றால் லோக்சபாவில் ஒருத்தர், ராஜ்யசபாவில் ஒருத்தர், அவ்வளவுதான். பக்கத்தில் கடலூர் எம்.எல்.ஏ.வுக்கு இருந்தது, நமக்கு இல்லை. உன் தாத்தா அன்றைக்குச் சர்பத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தல். பிரெஞ்சுக் குடிமக்கள் இங்கே இருந்தபடியே பாரிஸ் ஜனாதிபதிக்கு நேராக ஓட்டுப் போடலாம். 1988 மே 8, இரண்டாம் சுற்று, மித்தெரானும் சிராக்கும். சொல்தா தாத்தா கோட்டு போட்டு, பதக்கத்தைக் குத்திக்கொண்டு ரிக்ஷாவில் கான்சுலேட்டுக்குப் போனார். அங்கே முத்திரை குத்துகிற வழக்கம் இல்லை, வேட்பாளர் பெயர் அச்சடித்த சீட்டுகளை எடுத்துக்கொண்டு மறைவுக்குள் போய் ஒன்றை மட்டும் உறையில் வைத்துப் பெட்டியில் போட வேண்டும். யாருக்குப் போட்டேன் என்பது பரம ரகசியம் என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தவர், கோட்டுப் பையில் மிச்சம் இருந்த சீட்டை எடுத்துக் கணக்கு எழுதிப் பழகு என்று என்னிடம் கொடுத்தார். நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளை. ஆயா அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். சிராக். "அப்ப மித்தெரானுக்குப் போட்டுட்டு வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மீன் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

முடிவு பாரிஸில் இரவு எட்டு மணிக்கு, இங்கே பதினொன்றரை. தூர்தர்ஷன் அந்த நேரத்தில் அதையா காட்டும்? ரேடியோவைக் காதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மித்தெரான் ஜெயித்தார். ஓட்டு இருந்தவர் ரேடியோவில் கேட்டார், ஓட்டு இல்லாத நாங்கள் எங்கள் ஜனாதிபதியை அவர் வீட்டு டிவியிலேயே பார்த்தோம்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான்: நம் ஜனாதிபதி பெரும்பாலான நாள் டிவியில் ரிப்பன் வெட்டுவார், அணிவகுப்பு பார்ப்பார், சானல் மாற்றத் தோன்றும் (அப்போது மாற்ற சானல் இல்லை). யாருக்கும் பெரும்பான்மை வராத சமயத்தில்தான் நாடே அவர் வாசலைப் பார்க்கும். 1989 லோக்சபா தேர்தலில் அதை நேராகப் பார்த்தேன். பிரணாய் ராயும் வினோத் துவாவும் நாள்கணக்கில் முடிவு சொன்னார்கள், இடையிடையே சினிமா. காங்கிரஸுக்கு 197, ஜனதா தளத்துக்கு 143. ஆர்.வி. முதலில் காங்கிரஸைத்தான் கூப்பிட்டார், ராஜீவ் வேண்டாம் என்றுவிட்டார். 143 வைத்திருக்கிற ஜனதா தளத்து வி.பி.சிங் எப்படிப் பிரதமர் ஆவார் என்று கேட்டேன். உன் தாத்தா, "பந்தியில முதல்ல உட்கார வேண்டியவரைக் கூப்பிட்டாச்சு, அவர் வேணாம்னுட்டாரு, அடுத்தவரைக் கூப்பிடறாங்க" என்றார். இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தத் தேர்தலில் லோக்சபாவில் ஒரு சீட்டுகூட ஜெயிக்காத தி.மு.க.வும் மத்திய ஆட்சியில் இருந்தது, ராஜ்யசபாவில் இருந்த முரசொலி மாறன் மத்திய மந்திரி ஆனார். அது பந்திக் கணக்கில் எங்கே வரும் என்று கேட்டதற்குத்தான் தாத்தாவிடம் பதில் இல்லை.

டிசம்பர் 2, பதவிப் பிரமாணம். வி.பி.சிங் முடித்தார், தேவிலால் வந்தார், பெரிய உருவம், பெரிய தலைப்பாகை. ஆர்.வி. பிரமாணத்தில் "மந்திரி" என்று சொல்லிக்கொடுக்கிறார், தேவிலால் "உப பிரதான் மந்திரி" என்கிறார். அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு பதவியே இல்லை. ஆர்.வி. திருத்துகிறார், அவர் மறுபடி "உப பிரதான் மந்திரி". எங்கள் கூடத்தில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது, ஆனாலும் இரண்டாவது தடவை அந்த வார்த்தை வந்ததும் மொத்தப் பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அது வழக்காகி, பெயர் எப்படி இருந்தாலும் அவரும் மற்றவர்களைப் போல ஒரு மந்திரிதான் என்று உச்சநீதிமன்றம் சொல்லி முடித்தது.

1991 ஜனவரியில் குஷி தீர்ந்தது. 12-ஆம் தேதி பாண்டிச்சேரியில் ஜனாதிபதி ஆட்சி, 30-ஆம் தேதி தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைப்பு, அதுவும் கலைக்கச் சொல்லி அறிக்கை தர கவர்னர் பர்னாலா மறுத்த பிறகு. கையெழுத்து ஆர்.வி.யுடையது. உன் தாத்தாவுக்கு அன்றிலிருந்து அவர் "டெல்லிக்காரர்". சொல்தா தாத்தா சும்மா இருப்பாரா? எங்கள் ஜனாதிபதி ஜெயித்த வாரத்திலேயே நாடாளுமன்றத்தைக் கலைத்தார், தானே முடிவெடுத்தார், உங்கள் ஆள் மந்திரிசபை நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார் என்றார். அது பாதி உண்மை. நம் ஜனாதிபதி மந்திரிசபை சொல்வதை ஒருமுறை திருப்பி அனுப்பலாம், மறுபடி அதையே அனுப்பினால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் செய்தி நேரத்துக்கு உன் தாத்தா போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

அரசியல் சட்டத்தின் 70-வது திருத்தத்தில் பாண்டிச்சேரி, டெல்லி எம்.எல்.ஏ.க்களுக்கும் ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு வந்து, 1997-ல்தான் நம் எம்.எல்.ஏ.க்கள் முதன்முதலாகப் போட்டார்கள். கே.ஆர்.நாராயணன், எதிரே டி.என்.சேஷன். அதற்குள் நம் வீட்டிலும் கலர் டிவி. உன் தாத்தாவுக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை, சொல்தா தாத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். அவர் பேனாவை எடுத்துப் பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டார். மக்கள்தொகையை வைத்து இங்கே ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு 16, தமிழ்நாட்டில் 176. முப்பது பேரையும் கூட்டினால் 480. ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 708.

"முப்பது பேரும் சேர்ந்தா ஒரு எம்.பி. இல்லையேய்யா" என்றார் சொல்தா தாத்தா. "என் ஓட்டு முழுசா ஒரு ஓட்டு."

"உன் ஓட்டு யாருக்குன்னு ஆயாவுக்கே தெரியும், நீ பேசாதே" என்றார் உன் தாத்தா.

ஆபீஸ்காரரிடம் 16, 708 கணக்கைச் சொல். ஜம்மு காஷ்மீரில் அப்போது சட்டசபை இல்லாததால் 2022-ல் எம்.பி. மதிப்பு 700 ஆனது, அதையும் சேர்த்துச் சொல், இல்லாவிட்டால் நெட்டில் பார்த்துவிட்டு உன்னையே திருத்துவார். அப்புறம், ஆயாவின் பேத்தி அடுத்த மாதம் லியோன் வருகிறாள், தாளிப்பு வடகம் கொடுத்து அனுப்புகிறேன். டப்பாவை மட்டும் திருப்பி அனுப்பு.

அம்மா