யாழினிக்கு ஒரு கடிதம்: ரேகன்ஸ்புர்க்கில் கற்களைப் பார்

அன்புள்ள யாழினிக்கு,

அக்காவும் அத்தானும் மியூனிக் வரும்போது அவர்களை நியூஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு அழைத்துப்போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அழைத்துப்போ, மலைச்சரிவில் நிற்கும் அந்த வெண்ணிறக் கோட்டையை விரும்பாதவர் யாரும் இல்லை. ஆனால் அது 1869இல் கட்டத் தொடங்கிய கோட்டை. இடைக்காலத்தைக் கனவு கண்ட ஓர் அரசர் தமக்காக எழுப்பிக்கொண்ட மேடைக்காட்சி. உண்மையான இடைக்காலம் அங்கிருந்து வெகு தொலைவில், மியூனிக்கிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு நாளை ரேகன்ஸ்புர்க்குக்கு ஒதுக்கிவிடு என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் உனக்கு எங்கும் கிடைக்கும். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்த ஊரில் ஒவ்வொரு கல்லும் இப்போது இருக்கும் இடத்துக்கு வருமுன் எங்கே இருந்தது, யாருடையதாக இருந்தது என்று கேட்டுக்கொண்டே நட. உரோமர் வெட்டிய கல்லின்மேல் ஆயர்கள் கட்டினார்கள். யூதர்களின் கல்லறைக் கற்களைப் பறித்து நகரத்தார் தங்கள் சுவர்களில் பதித்தார்கள். பெருமையும் இழிவும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருக்கின்ற ஊர் அது.

ரயில் நிலையத்திலிருந்து மாக்சிமிலியான் தெரு வழியாக வடக்கே நடந்து வாருங்கள். பழைய நகரத்தின் மற்றத் தெருக்கள் கோணலும் மாணலுமாக இருக்க, இது மட்டும் கோடு கிழித்தாற்போல் நேராக இருப்பதைக் கவனிப்பாய். 1809 ஏப்ரலில் நெப்போலியனின் படை ரேகன்ஸ்புர்க்கைத் தாக்கியபோது இந்தப் பகுதி எரிந்து போனது. அதன் பிறகு புதிதாகப் போடப்பட்ட தெரு இது. அந்தச் சண்டையில் நெப்போலியனே காலில் குண்டடி பட்டார்.

அதன் அருகில்தான் டாக்கவ் சதுக்கம். அங்குள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்நகரின் பிறப்புச் சான்று என்று சொல்லத்தக்க ஒரு கல்வெட்டின் துண்டுகள் இருக்கின்றன. கி.பி. 179இல், பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் காலத்தில், மூன்றாம் இத்தாலியப் படையணிக்கான முகாம் கட்டி முடிக்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டு அது. முழுதாக இருந்தபோது ஏறக்குறைய 8 மீட்டர் நீளமிருந்ததாம். மார்க்கோமான்னி என்ற ஜெர்மானிய இனத்தாரோடு நடந்த போர்களின்போது, டான்யூப் எல்லையைக் காக்க ஏறத்தாழ 6000 வீரர்களை இங்கே நிறுத்தினார்கள். அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலுள்ள கார் நிறுத்தக் கட்டடத்துக்குள்ளும் எட்டிப் பார். நிறுத்திய கார்களுக்கு நடுவே உரோமர் மதிலின் ஒரு பகுதி அசையாமல் நிற்கிறது.

அதே சதுக்கத்தில் இன்னொரு நினைவும் உண்டு. 1945 ஏப்ரல் 23 அன்று அமெரிக்கப் படை நெருங்கிவிட்ட நிலையில், நகரைச் சண்டையின்றி ஒப்படைக்க வேண்டும் என்று மக்கள், அவர்களில் பெரும்பாலும் பெண்கள், இங்கே கூடினார்கள். அப்போது அதன் பெயர் மோல்ட்கே சதுக்கம். பேராலயத்தின் மறையுரைஞர் யோகான் மாயர் அவர்களிடையே பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் கைது செய்யப்பட்டார். மறுநாள் விடியுமுன், யோசெஃப் ட்சிர்க்கல் என்ற முதியவரோடு சேர்த்து இதே இடத்தில் தூக்கிலிடப்பட்டார். மூன்று நாள்கள் கழித்து, ஜெர்மானியப் படை இரவோடிரவாக வெளியேறிவிட, நகரம் சண்டையின்றியே ஒப்படைக்கப்பட்டது. நீங்கள் அன்று பார்க்கப்போகும் பழைய நகரம் ஏறக்குறைய முழுமையாக நிற்பதற்கு அந்த ஒப்படைப்பும் ஒரு காரணம். குண்டுவீச்சு ஊரை முற்றிலும் விட்டுவைத்தது என்று நினைத்துவிடாதே; மெசர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலை பலமுறை தாக்கப்பட்டது, ஓபர்மூன்ஸ்டர் தேவாலயம் இன்றும் இடிபாடாகவே இருக்கிறது.

அடுத்து ஆற்றுப் பக்கமாக வந்து போர்ட்டா பிரேட்டோரியாவைப் பாருங்கள். உரோம முகாமின் வடக்கு வாயில் இது. பல நூற்றாண்டுகள் ஆயர் மாளிகையின் சுவர்களுக்குள் மறைந்து கிடந்து, 1885இல் கட்டட வேலையின்போது வெளிப்பட்டது. பெரிய பெரிய கற்பாளங்களை அடுக்கிய ஒரு வளைவும் காவற்கோபுரத்தின் ஒரு பகுதியும் வெள்ளைப் பூச்சுப் பூசிய பிற்காலச் சுவரிலிருந்து பிதுங்கிக்கொண்டு தெரியும். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இப்படி நிற்கும் உரோமர் வாயில்கள் மிகச் சில. ட்ரியர் நகரின் போர்ட்டா நிக்ரா இதைவிடப் பன்மடங்கு பெரியது, உண்மைதான். ஆனால் உரோமர் போன பின்பும் அவர்கள் மதிலுக்குள்ளேயே பவேரியக் கோமக்களும் ஆயர்களும் குடியிருந்த தொடர்ச்சியை இந்தச் சிறிய வாயில்தான் எனக்குப் புரியவைத்தது.

புனித பேதுரு பேராலயம் 1273இல் நிகழ்ந்த ஒரு தீவிபத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் கோத்திக் பாணியில் கட்டத் தொடங்கப்பட்டது. 105 மீட்டர் உயரமுள்ள அந்தக் கூர்ங்கோபுரங்கள் இரண்டும் 1859க்கும் 1869க்கும் இடையில்தான் முடிக்கப்பட்டன. ஆக, தொலைவிலிருந்து மிகப் பழைமையாகத் தெரிவது உள்ளபடி இளையது. உள்ளே, கபிரியேல் வானதூதர் சிலை 1280ஆம் ஆண்டு வாக்கில் செதுக்கப்பட்டது. வாய் நிறையச் சிரிக்கும் வானதூதரை வேறெங்கும் அக்கா பார்த்திருக்க மாட்டாள். பார்த்துவிட்டு வெளியே தென்புறத்துக்கு வா. அங்குள்ள ஒரு தூணில், யூதர்களை இழிவுபடுத்தச் செதுக்கிய பன்றிச் சிற்பம் இன்றும் இருக்கிறது. அது எந்தத் திசையைப் பார்த்து வைக்கப்பட்டது என்பதுதான் முக்கியம்: சற்றுத் தள்ளி இருந்த யூதக் குடியிருப்பை நோக்கி.

அந்தக் குடியிருப்பு இருந்த இடம் இன்றைய நாய்ப்ஃபார் சதுக்கம். இங்கே அவசரப்படாதே. ஜெர்மானிய நாடுகளில் கல்விக்குப் பெயர்பெற்ற யூதச் சமூகங்களில் ஒன்று இங்கே வாழ்ந்தது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வெனிஸ் வணிகத்தால் கொழித்த ரேகன்ஸ்புர்க், வணிகப் பாதைகள் நூரம்பெர்க், ஆக்ஸ்புர்க் பக்கம் திரும்பியதும் நொடித்துப்போனது. நொடித்த நகரத்தார் பழியை யூதர்கள்மேல் போட்டார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பளித்த பேரரசர் முதலாம் மாக்சிமிலியான் 1519 ஜனவரியில் இறந்தார். அடுத்த மாதமே நகரமன்றம் யூதர்களை வெளியேற்றித் தொழுகைக்கூடத்தை இடித்துத் தள்ளியது. இடிக்குமுன் அதன் உட்புறத்தையும் முகப்பு மண்டபத்தையும் இரண்டு உலோகத்தகட்டு அச்சோவியங்களாகப் பதிவு செய்தவர் ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர். ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான அவர், வெளியேற்றத்தை முடிவு செய்த அதே நகரமன்றத்தில் உறுப்பினரும் ஆவார். அந்த ஓவியங்களை இன்றுவரை என்னால் பாராட்டவும் முடியவில்லை, பழிக்கவும் முடியவில்லை.

இடிப்பு வேலையில் அடிபட்ட கல்தச்சர் ஒருவர் மறுநாளே எழுந்து நடந்தார் என்று செய்தி பரவ, அந்த இடத்தில் மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் எழுந்தது; ஆயிரக்கணக்கான பயணிகள் திரண்டார்கள். அந்த யாத்திரைக்காகத் தொடங்கிய பெரிய தேவாலயம்தான் 1542இல் புராட்டஸ்டன்ட் சபையின் கைக்குப் போய், இன்று சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. யூதர்களின் இடுகாட்டுக் கற்களோ வெற்றிச் சின்னங்களைப்போல வீட்டுச் சுவர்களில் பதிக்கப்பட்டன. எபிரேய எழுத்துள்ள அக்கற்கள் சில இன்றும் தெருவிலிருந்தே கண்ணில் படும். 1995 முதல் 1998 வரை நடந்த அகழாய்வில் வீடுகளின் நிலவறைகளும், ஒளித்து வைக்கப்பட்ட 624 பொற்காசுகளும் வெளிப்பட்டன. நிலத்தடியில் அவற்றைப் பார்க்க வழிகாட்டியுடன் ஒரு சுற்று உண்டு. மேலே, தொழுகைக்கூடத்தின் தரைப்படத்தை வெள்ளைக் கான்கிரீட்டில் சிற்பி டானி காரவான் அமைத்தார், 2005இல் திறக்கப்பட்டது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுவார்கள், மாணவர்கள் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள்; யாரும் தடுப்பதில்லை. சற்று நடந்தால், 1938இல் எரிக்கப்பட்ட தொழுகைக்கூடத்தின் இடத்தில் 2019இல் திறந்த புதிய தொழுகைக்கூடத்தையும் காணலாம்.

பழைய நகரமன்றத்தில் 1663 முதல் 1806 வரை, ஜெர்மானிய அரசுகள் சேர்ந்த புனித உரோமப் பேரரசின் நிலைத்த மன்றம் கூடியது. மேலே அரசர்களின் தூதர்கள் தகுதி வரிசைப்படி அமர்ந்த மண்டபம், கீழே சித்திரவதைக் கூடம். இரண்டையும் ஒரே சுற்றில் காட்டுகிறார்கள். வானியலாளர் கெப்ளர் தமக்கு வரவேண்டிய சம்பள நிலுவையைக் கேட்கவே 1630இல் இவ்வூருக்கு வந்தார். வந்த இடத்தில் நோயுற்று நவம்பரில் இறந்தார். அவர் கல்லறையும் முப்பதாண்டுப் போரில் அழிந்தது. அவர் இறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். நேரமில்லாவிட்டால் வாசலோடு திரும்பலாம்.

கல் பாலத்துக்கு மட்டும் மாலை வரை நேரம் வைத்துக்கொள். 1135இல் தொடங்கி 1146இல் முடிந்த அந்தப் பாலத்துக்கு 16 வளைவுகள். கரையோரத்தில் 1616 முதல் 1620 வரை கட்டிய உப்புக் கிடங்கின் அடியில் ஒன்று மறைந்துவிட்டது. தூண்களைச் சுற்றிக் கல்லும் மரமும் இட்டுத் தீவுகள்போல் அமைத்திருப்பதால் ஆறு குறுகி, வளைவுகளின் கீழே சுழித்துக்கொண்டு பாய்கிறது; பாலத்தைக் காத்த அந்த ஏற்பாடே படகுக்காரர்களுக்கு எமனாக இருந்தது. 1189இல் பேரரசர் பார்பரோசா மூன்றாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்டதும் இவ்வூரிலிருந்துதான். பாலச் சிற்பி பேராலயச் சிற்பியோடு பந்தயம் கட்டி, சாத்தானின் துணையால் வென்று, முதலில் கடக்கும் எட்டுக் கால்கள் உனக்கு என்று வாக்களித்துவிட்டு ஒரு சேவலையும் பெட்டையையும் நாயையும் ஓட்டிவிட்டதாக வழிகாட்டி சொல்லுவார். பேராலயம் தொடங்குவதற்கு நூறாண்டுக்கும் முன்பே பாலம் முடிந்துவிட்டது என்று நீ குறுக்கிடாதே. அத்தானுக்கு இத்தகைய கதைகள் பிடிக்கும். 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்த வளைவுகள் 1967இல்தான் முழுமையாகச் சீரமைக்கப்பட்டன.

பாலத்தின் காலடியில் கரி அடுப்பில் சுடும் தொத்திறைச்சிக் கடை ஒன்று உண்டு. வெள்ளம் ஏறிய உயரங்களைச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். அக்கா சைவம் என்பதால் புளித்த முட்டைக்கோசும் ரொட்டியும் இனிப்புக் கடுகும் வாங்கிக்கொடு. தெருவெல்லாம் உருளைக்கல் பாவியிருப்பதால் தட்டையான செருப்பு அணிந்து வரச் சொல். வால்ஹல்லா நினைவு மண்டபத்துக்கும் போகலாம் என்று யாராவது சொன்னால் இம்முறை வேண்டாம் என்று சொல்லிவிடு. படிகளில் ஏறவே அவளுக்குப் பாதி நாள் போய்விடும். நகரமன்ற மண்டபத்தை வழிகாட்டியுடன் மட்டுமே பார்க்க முடியும். அதற்கும் நாய்ப்ஃபார் சதுக்கத்து நிலத்தடிச் சுற்றுக்கும் நேரங்களை முன்கூட்டியே பார்த்து, இரண்டும் மோதாமல் சீட்டு எடுத்துவிடு.

அன்புடன்,
உன் மாமா